கையடக்கமான ஒரு கேமராவும் இரண்டு லென்சுகளும்



நம் ஊர்களில் ஒருவர் மரித்துவிட்டால், வீட்டார் பதறிக்கொண்டு தேடும் பொருட்களில் ஒன்று அவருடைய புகைப்படம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வேண்டும். மாலை போட்டு முற்றத்தில் வைக்க வேண்டும். பல வீடுகளில் கிடைப்பதோ ஆதார் அட்டையில் தபால்தலை அளவில் இருக்கும் ஒரு முகம் மட்டுமே. ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானத்தைப் பொருத்தி, முகச் சுருக்கங்களையெல்லாம் துடைத்துத் தருவார். அறுபது ஆண்டுகள் வெயிலில் நின்று விதைத்தும் அறுத்தும் வாழ்ந்த ஒரு தாயார், தம் அடக்க நாளில் யாரோ ஒரு வழவழப்பான அந்நியப் பெண்ணாக நம்மைப் பார்ப்பார். ஊழியத்தின் ஆண்டுகளில் எத்தனையோ அடக்க ஆராதனைகளில் அத்தகைய படங்களுக்கு அருகே நின்றிருக்கிறேன்.

ஆகவேதான், நெடுநாளாக வெறும் பொழுதுபோக்காக இருந்த என் புகைப்படப் பழக்கத்தை, சபையிலுள்ள முதியோரை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவரவர் வீட்டுத் திண்ணையில் படமெடுக்கும் வேலையாக மாற்றிக்கொண்டேன். இதைக் கேள்விப்பட்ட உங்களில் சிலர், "என்ன கேமரா, என்ன லென்ஸ்? நாங்களும் வாங்கலாமா?" என்று கேட்டு வருகிறீர்கள். ஒரு வரியில் பதில் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கையிலுள்ள கைபேசியைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், திண்ணையில் அமர்ந்திருப்பவரை எடுப்பதற்கு அது பெரும்பாலும் போதும். அது தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒற்றைச் சன்னலும் மங்கிய விளக்கும் மட்டுமே உள்ள உள்ளறை. நடமாட முடியாத முதியோர் பலர் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். மற்றொன்று தோல். கைபேசி தன் சிறிய சென்சாரின் குறையை மறைக்கக் கணக்குப்போட்டு முகத்தை மெழுகிவிடுகிறது. ஸ்டூடியோக்காரர் மரணத்திற்குப் பின் செய்வதை இது முன்கூட்டியே செய்துவிடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

கணக்கைப் பாருங்கள். ஃபுல்ஃப்ரேம் என்று சொல்லப்படும் சென்சாரின் அளவு 36 மி.மீ.க்கு 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. கைபேசிகளில் மிகப் பெரியதாகச் சொல்லப்படும் 'ஒரு அங்குல' சென்சாரின் அளவு 13.2க்கு 8.8, பரப்பு 116 மட்டுமே. ஏழு மடங்குக்கும் மேல் வேறுபாடு. இவ்விரண்டுக்கும் நடுவில் ஏபிஎஸ்-சி என்னும் வகை, சுமார் 370 சதுர மி.மீ. பரப்புடன் இருக்கிறது. பறவைகளைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் அதையே வாங்குங்கள். தொலைவு லென்சுகளின் எடையும் விலையும் கணிசமாகக் குறையும். இருண்ட அறையில் அசையாது அமர்ந்திருக்கும் மனித முகமே என் வேலை. அதற்கு அந்தக் கூடுதல் பரப்பு எனக்குப் பயன்படுகிறது.

ஃபுல்ஃப்ரேம் என்றாலே பெரிய கேமரா என்றொரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. வரலாறு அப்படியன்று. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலைசெய்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோயாளி. அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதைகளில் நடக்க அவரால் இயலவில்லை. திரைப்படத்திற்கான 35 மி.மீ. சுருளை எடுத்து, அதன் சட்டகத்தை இரட்டிப்பாக்கி, 24க்கு 36 என்ற அளவில் படம்பிடிக்கும் ஒரு சிறு கருவியை 1914ஆம் ஆண்டளவில் செய்தார். போர் குறுக்கிட்டது. 1925இல் லைப்சிக் சந்தையில் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. நாம் இன்று 'முழு அளவு' என்று வியக்கும் அந்தச் சட்டகம், மூச்சு வாங்கும் ஒரு மனிதர் தம் கோட்டுப் பையில் வைப்பதற்காகக் கண்ட சிறிய அளவு.

அது பெருத்தது பின்னர்தான். லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் ஒரு பட்டகம் என்று வந்தபோது, கண்ணாடி எழும்பி இறங்க இடம் தேவைப்பட்டது. கேனானின் பழைய முறையில் லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரை 44 மி.மீ.; நிக்கானில் 46.5 மி.மீ. மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனியில் அந்த இடைவெளி 18 மி.மீ., நிக்கான் இசட் முறையில் 16, கேனான் ஆர்எஃப் முறையில் 20. சோனி 2013இல் ஏ7 என்ற கேமராவை வெளியிட்டபோது பார்னாக்கின் கோட்டுப் பை மீண்டும் நினைவுக்கு வந்தது என்று சொல்லலாம்.

சிறியதாக இருப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? தோள்வலி ஒரு காரணம். ஐம்பதைக் கடந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. கேனான் 5டி மார்க் 3 என்னும் புகழ்பெற்ற கேமராவும் அதன் 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு லென்சும் சேர்ந்தால் 1,755 கிராம். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் நான்கு கிராமங்கள் சுற்றிப் பாருங்கள். ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் எதிரே அமர்ந்திருப்பவரின் முகம். நண்பரொருவரிடம் இரவல் வாங்கிய அத்தகைய கேமராவை நான் கண்ணருகே உயர்த்தியதும், எண்பதைக் கடந்த ஒரு பாட்டி, "ஐயரே, இதென்ன பீரங்கி மாதிரி இருக்கு? என்னத்துக்கு இந்தச் சாகப்போற கட்டைக்கு இம்புட்டுப் பெரிசு?" என்று சேலையால் வாயை மூடிக்கொண்டார். அதன்பின் அன்று அவர் இயல்பாகவே இல்லை. ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் தம் சிறிய லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கூடக் கறுப்பு நாடா ஒட்டி மறைத்து வைத்திருந்தார். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளை அவர் படமெடுத்ததும் சிறிய கேமராவால்தான். அன்று மாலையே அடிகள் சுடப்பட்டார். சிறுமை என்பது இத்தொழிலில் ஒரு மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கேமராக்களுக்கு வருவோம். கடைக்காரர் உங்கள் முன் வைக்கக்கூடியவற்றில் மிகச் சிறியது சிக்மா எஃப்பி. மின்கலமும் அட்டையும் சேர்த்து 422 கிராம். பானாசோனிக் எஸ்9 486 கிராம். இரண்டும் அழகானவை; இரண்டையும் நான் விலக்கினேன். இரண்டிலும் கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கேமராவுடன் சேர்ந்து வருவதில்லை. சித்திரை வெயிலில் முற்றத்தில் நின்றுகொண்டு பின்புறத் திரையைப் பார்த்தால் உங்கள் முகமே தெரியும்.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. இவ்விரண்டிலும் திறந்து மூடும் இயந்திர ஷட்டர் கிடையாது. சென்சார் தன் வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் படமாக்குகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவதால் குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண் அதை அறியாது; சென்சார் அறியும். ஆலயத்திற்குள் வேகமாக எடுத்த படத்தின் குறுக்கே வரிக்குதிரைபோல் பட்டைகள் ஓடும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் தப்பலாம். ஆயினும் ஒவ்வொரு முறையும் அதை நினைவில் வைக்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவரிடம் பேச மனம் எங்கே இருக்கும்? இந்த ஒரு குறையை விற்பவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை. ஆலயத்திலும் கல்யாண மண்டபத்திலும் படமெடுக்க விரும்புகிறவர்கள் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

கேனான் ஆர்8 என்னை மிகவும் ஈர்த்தது. 461 கிராம்தான். கண்ணாடி அணிந்த என் கண்ணுக்கு அதன் வியூஃபைண்டர் இதமாக இருந்தது. புதியதாகவே வாங்கக்கூடிய விலை. ஆனால் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு அதன் உடலுக்குள் இல்லை. லென்சில் இருந்தால்தான் உண்டு. மின்கலமும் சிறியது, ஒரு முறை ஏற்றினால் தர அளவீட்டின்படி திரையில் பார்த்து 290 படங்கள். ஓடியாடும் குழந்தைகளைப் படமெடுக்கும் இளம் பெற்றோருக்கு நான் ஆர்8ஐத் தயங்காமல் சொல்வேன். நடுக்கம் தவிர்க்கும் அமைப்பு ஓடுகிற குழந்தையை நிறுத்திவைக்காது, வேகமான ஷட்டர்தான் நிறுத்தும். நிக்கான் இசட்எஃப் பழைய ஃபிலிம் கேமரா போன்ற உருவத்தில் மனதை மயக்கும். கையிலெடுத்தால் 710 கிராம். அதைக் கையடக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் தெரிந்துகொண்டது சோனி ஏ7சி. 2020இல் வந்தது, எடை 509 கிராம், 24 மெகாபிக்சல். கைநடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு உடலுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அசையாமல் படுத்திருக்கும் ஒருவரைச் சன்னல் வெளிச்சத்தில் 1/15 நொடியில்கூட என்னால் எடுக்க முடிகிறது. மின்கலம் பெரியது, 740 படங்கள் என்பது அளவீடு. ஒரு நாள் முழுவதும் வீடுகளைச் சந்தித்துத் திரும்பும்போதும் பாதிக்குமேல் மிஞ்சுகிறது. குறை என்னவென்றால் அதன் வியூஃபைண்டர், 0.59 மடங்குதான். சாவித்துவாரம் வழியாக உலகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். 2023இல் வந்த ஏ7சி இரண்டாம் பதிப்பில் அதை 0.70 மடங்காக்கியிருக்கிறார்கள், 33 மெகாபிக்சலும் உண்டு. பணமிருப்பவர்கள் அதையே வாங்குங்கள். இருவர் கைமாறிய பழைய ஏ7சியே என் பணப்பைக்கு எட்டியது.

இன்னொன்று: இந்தக் கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் நினைவக அட்டைக்கு ஓர் இடம்தான் உண்டு. எனக்கு அது போதும். பிறருடைய திருமணத்தைப் பணம் வாங்கிக்கொண்டு எடுக்கப்போகிற தம்பிமாரே, உங்களுக்குப் போதாது. அட்டை பழுதானால் பாட்டியை மறுவாரம் போய் எடுக்கலாம். தாலி கட்டும் நேரத்தை மறுவாரம் எடுக்க முடியாது.

உண்மையில் கேமராவைவிட லென்சைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். கண்ணாடியை எடுத்துவிட்டதால் கேமராவின் உடல் சிறுத்தது. லென்ஸ் ஒளியின் விதிக்குக் கட்டுப்பட்டது, அது அவ்வாறு சிறுக்காது. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி புகும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. எஃப் 2.5 என்றால் 16 மி.மீ. வாயில். 85 மி.மீ. எஃப் 1.8க்கு 47 மி.மீ. அதே 85ஐ எஃப் 1.4 என்று கேட்டால் 61 மி.மீ. வாயில் அகலும்போது உள்ளிருக்கும் ஒவ்வொரு கண்ணாடி வில்லையும் அகன்று தடிக்கிறது. எடையும் விலையும் கூடுகின்றன. 509 கிராம் கேமராவை வாங்கி அதன்மேல் 886 கிராம் எடையுள்ள 24-70 லென்சை மாட்டுகிறவரைப் பார்த்தால், சைக்கிள் வாங்கி அதில் ஆட்டுக்கல்லை ஏற்றுகிறவரின் நினைவு வருகிறது.

என்னிடமுள்ள முதல் லென்ஸ் சோனியின் 40 மி.மீ. எஃப் 2.5. எடை 173 கிராம். 36க்கு 24 சட்டகத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ.; அதற்கு நெருங்கிய குவியத் தொலைவு நம் பார்வைக்கு இயல்பாகத் தெரியும் என்பது பழைய பாடம். ஆளும் அவர் அமர்ந்திருக்கும் கட்டிலும், சுவரிலுள்ள நாட்காட்டியும், மூலையில் சாய்த்த உலக்கையும் ஒரே படத்தில் அடங்குகின்றன. கேமராவோடு சேர்த்து 682 கிராம். இந்த லென்சின் விலை அதிகமென்று கருதுகிறவர்களுக்குச் சாம்யாங் 45 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது, 162 கிராம். நிக்கான்காரர்களுக்கு 40 மி.மீ. எஃப் 2, 170 கிராம். கேனான்காரர்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8, 160 கிராம். எல்லாமே நல்லவை. இவற்றுக்கிடையே வேறுபாடு தேடி இரவெல்லாம் விழித்திருக்காதீர்கள்.

இரண்டாவது லென்ஸ் 85 மி.மீ. எஃப் 1.8, 371 கிராம். இது முகத்திற்கு மட்டும். 40 மி.மீ. லென்சில் முகம் நிறைய வேண்டுமென்றால் ஒரு முழம் நெருங்க வேண்டும். அவ்வளவு நெருங்கினால் மூக்கு பெருத்துக் காது சிறுக்கும். அது லென்சின் பிழையன்று, தூரத்தின் விளைவு. 85இல் ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் தள்ளி அமரலாம். திண்ணையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் தூரம் அதுவே, முதியவருக்கும் கூச்சமில்லை.

எஃப் 1.4 வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். பின்னணி வெண்ணெயாக உருகுமாம். ஒன்றரை மீட்டரில் 85 மி.மீ. லென்சை எஃப் 1.8இல் திறந்தாலே கூர்மையாகப் பதியும் ஆழம் சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருக்கும். காதிலுள்ள தண்டட்டி மங்கிவிடும். அந்தத் தண்டட்டி அவருடைய தாய்வீட்டார் போட்டது. ஆகவே நான் எஃப் 4க்கு மூடித்தான் எடுக்கிறேன். அப்போதும் ஆழம் ஏழெட்டு சென்டிமீட்டர் மட்டுமே. எஃப் 4இல் எடுக்கப்போகிறவனுக்கு எஃப் 1.4 எதற்கு?

பழையது வாங்குகிறவர்கள் கவனிக்க: லென்சின் ஒரு முனையில் கைபேசி விளக்கைப் பாய்ச்சி மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்திவலை போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எஃப் 16இல் வெற்று வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சாரிலுள்ள கறைகள் தெரியும். வரிசை எண் குறித்த ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வாங்கியபின், நாகர்கோவில், தூத்துக்குடி போன்ற கடற்கரைப் பகுதிகளில் வசிப்பவர்கள் தோல்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். காற்றுப்புகாத ஒரு டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறு கருவி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். அதைவிட நல்ல மருந்து, வாரந்தோறும் வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

பணத்தைப் பற்றியும் எழுதவேண்டும். ஊழியக்காரனின் சம்பளத்தில் இது சிறிய செலவன்று. என் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது அவங்களுக்கா, உங்களுக்கா?" இரண்டுக்கும்தான் என்று சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன். இந்தக் கருவியைக் கையில் எடுக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்பதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று ஆண்டுகள் சேமித்து, பழைய கேமராவை விற்று, மீதியைப் போட்டேன். மாதத் தவணையில் வாங்காதீர்கள். பொழுதுபோக்கு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வந்து கதவைத் தட்டக் கூடாது. மேலும், ஒதுக்கிய தொகை முழுவதையும் கேமராவிலேயே கொட்டிவிடாமல் படங்களை அச்சிடுவதற்கென்று ஒரு பங்கை எடுத்துவையுங்கள். கைபேசியில் அனுப்பிய படம் பேரப்பிள்ளைகளின் கைபேசியோடு உடைந்தும் தொலைந்தும் போகிறது; முதியவரின் கைக்கு அது ஒருபோதும் வருவதில்லை.

நம் ஸ்டூடியோக்களில் வழக்கமாகப் போடும் 12க்கு 18 அங்குல அளவுக்கு, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், 5,400க்கு 3,600 புள்ளிகள் தேவை. என் கேமரா தருவது 6,000க்கு 4,000. போதும். மெழுகும் பளபளப்பும் இல்லாத மங்கலான தாளில் அச்சிடச் சொல்கிறேன், "முகத்தைக் கொஞ்சம் கிளீன் பண்ணிடவா ஐயா?" என்று கேட்கும் ஸ்டூடியோத் தம்பியிடம் ஒவ்வொரு முறையும் வேண்டாமென்று சொல்ல வேண்டியிருக்கிறது. பின்புறத்தில் பென்சிலால் பெயர், தகப்பன் பெயர், ஊர், தேதி எழுதுகிறேன்.

பீரங்கி என்று சொன்ன பாட்டியைச் சென்ற மாதம் மறுபடியும் எடுத்தேன். இந்தச் சிறிய கேமராவை அவர் பொருட்படுத்தவே இல்லை. மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். நடுநடுவே நான் எடுத்துக்கொண்டேன். அச்சிட்ட படத்தைக் கொடுத்தபோது சன்னலருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா மாதிரியே இருக்கேன் ஐயரே," என்றார். தம் தாயாருக்கு ஒரு படமும் இல்லை என்று பிறகு சொன்னார். அவருடைய தங்கை பக்கத்து ஊரில் படுத்த படுக்கையாக இருக்கிறாராம். வருகிற புதன்கிழமை அங்கே போகிறேன். அந்த அறைக்கு ஒரே சன்னல், அதுவும் மேற்கே என்று கேள்வி. ஆகவே மாலை நாலு மணிக்குமேல் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.